கிழக்குக்கு ஒன்று

முப்பத்தோரு வருஷமாகச் சிவகாசியில் ஒரே அச்சாபீஸில் பிழை திருத்துகிறேன். பெரும்பாலும் காலண்டர் வேலைதான். ஒரு வருஷம் ஆடி அமாவாசையை ஒரு நாள் தள்ளிப் போட்டுத் தொலைத்துவிட்டேன். செத்துப்போன அப்பாவுக்கு ஒரு நாள் தாமதமாகச் சோறு வைக்க வைத்துவிட்டாயே, நீ உருப்படுவாயா என்று விருதுநகரிலிருந்து ஒருத்தர் பஸ் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எதையும் மூன்று தடவை பார்க்காமல் அச்சுக்கு விடமாட்டேன். வீட்டில் மளிகைச் சீட்டைக்கூடத் திருத்துவேன் என்று என் சம்சாரம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது உண்மைதான்.

இன்னாசிபட்டிக்கு என்னை அனுப்பியது முதலாளி. விஸ்வநத்தம் தாண்டிக் கரிசலுக்குள் ஆறேழு கிலோமீட்டர் போனால் வருகிற ஊர் அது. அங்கே இருக்கிற இன்னாசியார் வேதக்கோயிலுக்கு நூற்றிருபத்தைந்தாவது வருஷம். ஆடித் திருவிழாவுக்குள் மலர் ஒன்று போட்டாக வேண்டும், கோயிலின் சரித்திரத்தையும் மணிக்கூண்டின் சரித்திரத்தையும் எழுதித்தர ஊரில் ஆள் இல்லை, நீங்களே வந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். எனக்கு எழுதத் தெரியாது, திருத்தத்தான் தெரியும் என்றேன். முதலாளி காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை.

சாமியார் இளவயசுக்காரர், நல்ல மனிதர். பழைய உபதேசியார் எப்போதோ எழுதிவைத்த இரண்டு தாளைக் கொடுத்தார். அதில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியை மணிக்கார வீட்டில் கேளுங்கள், தங்கலும் சாப்பாடும் அங்கேதான் என்று சொல்லி அனுப்பினார்.

மணிக்கார வீடு என்றால் முனியசாமி வீடு. இன்னாசியார் கோயில் மணியை அடிக்கிறவர் பெயர் முனியசாமி என்றதும் நான் தாளில் எழுதியதை அடித்துவிட்டுத் திரும்பக் கேட்டேன். சரிதான் என்றார்கள். நாலு தலைமுறையாக அந்த வீட்டில் ஒருத்தரும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. புதிதாக வருகிற ஒவ்வொரு சாமியாரும் மணிக்காரரைக் கூப்பிட்டு, வேதத்தில் சேரக்கூடாதா என்று கேட்பாராம். இருக்கன்குடிக்கு ஒரு எட்டு போய் ஆத்தாகிட்டக் கேட்டுட்டு வந்து சொல்றேன் சாமி என்று இவர்கள் சொல்வார்களாம். ஆத்தா இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. மணிக்கு மட்டும் முறைப்படி ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது. அதன் பெயர் மரிய தெரேசம்மாள். வெண்கல உடம்பில் பெயரை வார்த்தே அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த மணி பிரான்சு தேசத்திலிருந்து கப்பலில் தூத்துக்குடி வந்து, ரயிலில் விருதுபட்டி என்று அப்போது பெயர் இருந்த விருதுநகர் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் கிளம்பியிருக்கிறது. ஐப்பசி மழை. ஊருக்கு ஒன்றரை மைல் இருக்கையில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி அச்சு ஒடிந்துவிட்டது. மாடுகள் படுத்துக்கொண்டன. காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த கூலிக்காரர்கள் பதினாறு பேர் பனங்கட்டையைக் கொடுத்து மணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். என்ன வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரச் சாமியார் கேட்டதற்கு, முன்கட்டை பிடித்து வந்த முனியசாமியின் பாட்டனுக்கு அப்பன், மணிக்கயிறு எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றாராம். நிலம் கேட்டிருந்தால் நிலம் கிடைத்திருக்கும், கூறுகெட்ட மனுசன் கயிற்றைக் கேட்டார் என்று இதைச் சொல்லும்போது முனியசாமியின் மனைவி குருவம்மாள் சிரித்தாள். முனியசாமி சிரிக்கவில்லை.

அவருக்கு அறுபதுக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கும். ஒடிசலான ஆள், உள்ளங்கை மட்டும் கயிறு இழுத்து இழுத்துத் தடித்திருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், பிறகு தரையைப் பார்ப்பார். மணியை இப்போது மகன் முனியராஜ்தான் அடிக்கிறான் என்பது வந்த அன்று மத்தியானமே தெரிந்துபோனது. லோடு வண்டி ஓட்டுகிறவன், மூன்று வேளையும் எங்கிருந்தாலும் வந்து அடித்துவிட்டுப் போகிறான். அப்பாவுக்கு முட்டுவலியா என்று கேட்டேன். பங்குனியிலிருந்து மேலே ஏறவில்லை என்று மட்டும் சொன்னான்.

கூண்டின் மேல் என்னை அவன்தான் கூட்டிப்போனான். எழுபதடி உயரம். சுண்ணாம்பும் கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்து அரைத்துக் கட்டியது. தெற்குச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். அதன் குறுக்கே ஆறேழு இடத்தில் கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டு வைத்து ஒட்டியிருந்தார்கள். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி ஒடியுமாம். ஏதாவது ஒரு பயராபீஸில் வெடிக்கிறபோதெல்லாம் ஒன்றிரண்டு ஒடியும், புதுசு ஒட்டுவோம் என்றான். பட்டாசுக் கம்பெனியை அந்தப் பக்கத்தில் பயராபீஸ் என்றுதான் சொல்வார்கள்.

ஆடிக்காற்று மேலே நிற்கவிடாமல் தள்ளியது. நாலு பக்கமும் வேலிக்கருவேல் காடும், நடுநடுவே வெள்ளையடித்த சின்னச் சின்ன ஷெட்டுகளும் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒன்றை விட்டு ஒன்று தள்ளித் தள்ளிக் கட்டியவை. இன்னாசிபட்டி ஜனங்கள் ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்த பக்கத்து ஊர்ச் சம்சாரிகளுக்குக் காட்டு வேலை செய்தவர்கள். இப்போது வீட்டுக்கு இரண்டு பேராவது அந்த ஷெட்டுகளில் இருக்கிறார்கள். முனியராஜ் எனக்கு மணிக்கணக்கைச் சொன்னது அங்கே வைத்துத்தான்.

எங்கேயாவது வெடித்த சத்தம் கேட்டால் மணிக்காரர் கூண்டில் ஏறிப் புகையைப் பார்க்க வேண்டும். முதலில் விடாமல் அடிக்கிற ஓட்டமணி. அதைக் கேட்டால் எல்லாக் கம்பெனியிலும் எல்லோரும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வெட்டவெளிக்கு வந்துவிடுவார்கள். பிறகு கொஞ்சம் விட்டு, திக்கைச் சொல்கிற மணி. கிழக்குக்கு ஒன்று, தெற்குக்கு இரண்டு, மேற்குக்கு மூன்று, வடக்குக்கு நாலு. சந்தேகம் வராமல் இருக்க அதையே மூன்று தடவை அடிக்க வேண்டும். முனியசாமியின் அப்பா காலத்தில் ஒரு பெரிய விபத்துக்குப் பிறகு ஏற்பட்ட வழக்கம். இப்போதுதான் எல்லார் கையிலும் செல் இருக்கிறதே என்றேன். கேட்டிலேயே செல்லை வாங்கி வைத்துவிடுவார்கள், உள்ளே இருக்கிறவர்களுக்கு இந்த மணிதான் என்றான். புருஷன் ஒரு கம்பெனியில், பெண்டாட்டி ஒரு கம்பெனியில் இருப்பார்கள். யார் வீட்டில் என்ன என்று மணியை எண்ணித்தான் மனசு ஆறும், அல்லது பதறும்.

நான் அச்சாபீஸ்காரன். சிவகாசியிலேயே பிறந்து வளர்ந்தவன். வெடிச்சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் என்று நாங்களும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். ஆனால் இப்படி ஒரு கணக்கு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கேட்கவே நெஞ்சு நிறைந்தது. மலருக்கு நல்ல சங்கதி கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

பங்குனியில் நடந்த விபத்தை அதற்குப் பிறகு ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். கிழக்குப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில், பகல் பதினோரு மணிக்கு, வெடிமருந்து செலுத்துகிற அறையில் உராய்வு ஏற்பட்டு வெடித்திருக்கிறது. நாலு பேர் போய்விட்டார்கள், நாலும் பெண்கள், அதில் இன்னாசிபட்டிக்காரி ஒருத்தி, கருத்தப்பாண்டி பெண்டாட்டி அழகுமீனா. முனியசாமியின் மகள் வேல்விழியும் அதே கம்பெனிதான். பக்கத்து அறையில் இருந்தாள். இரண்டு கையிலும் தீக்காயத்தோடு பிழைத்துவிட்டாள். அன்றைக்கு மணி தப்பாக அடித்துவிட்டதாம். கிழக்கே வெடித்ததற்குத் தெற்கு என்று இரண்டு அடித்திருக்கிறது. ஊரில் இருந்த வண்டிகளும் ஆட்களும் தெற்கே ஓடி, அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்து திரும்பி வருவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அழகுமீனா அதுவரை உயிரோடுதான் கிடந்திருக்கிறாள். பாவம் மணிக்காரர் என்ன செய்வார், காத்து புகையைத் தெக்க தள்ளிருச்சு என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

எனக்கு அந்த இடத்தில் ஒரு இடறல் இருந்தது. காலண்டர்க்காரன் புத்தி. பங்குனியில் நம் பக்கம் எங்கே காற்று அடிக்கிறது? இலை அசையாது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டும். புகை நேரே மேலேதான் போகும். ஆனால் அதை யாரிடமும் கேட்கவில்லை. நாலு பேர் செத்த வீட்டுப் பேச்சில் பிழை பிடிக்க எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்குள்ளும் ஏதோ சரியில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கருவாட்டுக் குழம்பும் சீனியவரை வற்றலும் வைத்திருந்தார்கள். வேல்விழிதான் எனக்குப் பரிமாறினாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். முழங்கை வரை தோல் சுருங்கி ரோஸ் நிறத்தில் இருந்தது, விரல்கள் முழுக்க மடங்கவில்லை. அண்ணாச்சி இன்னுங் கொஞ்சம் வச்சிக்கோங்க என்று நல்லபடியாகத்தான் பேசினாள். அண்ணனுக்குப் போட்டாள். அப்பாவின் தட்டுக்கு வந்ததும் கரண்டியை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். குருவம்மாள் ஒன்றுமே நடக்காத மாதிரி சோற்றைப் போட்டாள். மறுநாளும் அப்படித்தான். அப்பா தண்ணீர் கேட்டால் அந்தப் பெண் சொம்பைக் கொண்டுவந்து பத்தடி தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் சாமியார் மலருக்கான படங்களையும் அவற்றின் கீழே போட வேண்டிய வரிகளையும் கொடுத்துவிட்டார். திருவிழா மேடையில் முனியசாமிக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. மலரில் ஒரு முழுப் பக்கம் அவர் படம். கீழே, 'தக்க தருணத்தில் மணியடித்து எண்ணற்ற உயிர்களைக் காத்தவர்' என்று போடச் சொல்லியிருந்தார். நான் அதைக் கொண்டுபோய் முனியசாமியிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார்.

இந்த வரியை எடுத்துருங்க அண்ணாச்சி என்றார். படமும் வேண்டாம் என்றார். அடக்கமாகச் சொல்கிறார் என்று நினைத்து நான் கொஞ்சம் விளையாட்டாக, பொன்னாடைக்குப் பயந்தா எப்படி, ஊரே கேட்கிறது என்று ஏதோ சொன்னேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பேனாவை எடுத்து வரியை அவர் எதிரிலேயே அடித்துவிட்டுக் கோயில் பக்கம் நடந்தேன்.

திரும்பி வந்தபோது குருவம்மாள் பட்டாசுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். மகள் இனிப் பயராபீஸுக்குப் போகமாட்டாள், தாயும் மகளும் வீட்டில் இருந்தே பெட்டி ஒட்டுகிறார்கள். மைதாப் பசையை விரலால் இழுத்து அட்டையை மடக்கி அடுக்குகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். என்னை உட்காரச் சொன்னாள். கையை நிறுத்தாமல் பேசினாள்.

"எழுதுறவகன்னு சொல்லலை அண்ணாச்சி. இதை எங்கனயும் எழுதிறாதீக. யாருகிட்டயாச்சும் சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும், அதுக்குத்தான் சொல்றேன். அன்னைக்குக் காத்து இல்ல."

நான் பேனாவை மூடிப் பையில் வைத்தேன்.

"இவுக புகையைச் சரியாத்தான் பாத்திருக்காக. மவ இருக்க எடம்னு தெரிஞ்சு கை தப்பா அடிச்சிருச்சு. ஆசுபத்திரியில கெடக்கும்போதே வேலு கண்டுபிடிச்சிட்டா. எந்தக் காத்துப்பா தள்ளுச்சுன்னு ஒரே கேள்விதான் கேட்டா. இவுக தலையைக் குனிஞ்சிட்டாக. அப்ப அவ சொன்னா பாருங்க ஒண்ணு. அதைக் கேட்டுட்டு மனுசன் எப்பிடி உயிரோட இருக்காகன்னு இருக்கு."

வேல்விழி சொன்னது இதுதான். வெடித்த பிறகு அவளும் அழகுமீனாவும் வெளியே வேப்பமரத்தடியில் கிடந்திருக்கிறார்கள். அழகுமீனா மேலெல்லாம் வெந்துபோயிருந்தாலும் நல்ல நினைவோடு இருந்தாள். ஓட்டமணி அடித்து நின்றது. இன்னா வந்துருவாக மதினி, இப்ப வந்துருவாக என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் இரண்டு மணி விழுந்தது. அழகுமீனாவின் புருஷன் கருத்தப்பாண்டி வேலை பார்த்தது தெற்குக் கம்பெனியில். தன் இடத்தில் வெடித்ததைப் போலவே அங்கேயும் வெடித்துவிட்டது என்று அவள் நினைத்துவிட்டாள். அய்யோ ரெண்டு அடிக்குதே, அவுக அங்கனதான இருக்காக என்று எழுந்துவிட்டாள். அந்த உடம்போடு எழுந்து தெற்கே பார்த்து நாலு எட்டு நடந்து விழுந்திருக்கிறாள். பிறகு வண்டி வருகிறவரை அவுகளப் பாருங்க, அவுகளப் பாருங்க என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. போகிற வழியில் உயிர் போய்விட்டது.

"பாண்டியண்ணன்கிட்ட உள்ளதச் சொல்லச் சொல்லு, சொல்றவரைக்கும் அந்தாளு எனக்கு அப்பன் இல்லன்னுட்டா. நாலு மாசம் ஆகுது அண்ணாச்சி. ஒரு வீட்டுக்குள்ள ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம எம்புட்டு நாளைக்குக் கெடக்க? இவுகளும் சொல்லத்தான் போறாக. போயிப் போயித் திரும்பி வந்துர்றாக." குருவம்மாள் அப்போதும் கையை நிறுத்தவில்லை. கடைசியாக ஒட்டிய பெட்டி கோணலாக இருந்தது.

அன்று சாயங்காலம் முனியசாமியே என்னிடம் வந்தார். மலரில் அஞ்சலிப் பக்கத்துக்கு அழகுமீனா படத்தை வாங்க நாளைக்குக் கருத்தப்பாண்டியைப் பார்க்கப் போவீகளாமே, நானும் வாரேன் என்றார். "தனியாப் போனா வேற பேச்சுப் பேசிட்டு வந்துருவேன் அண்ணாச்சி. மூணு தடவை அப்பிடித்தான் ஆச்சு. ஆடு கெணத்துல விழுந்ததப் பேசுனோம், தேர்தலப் பேசுனோம். நீங்க பக்கத்துல இருந்தீகன்னா வெக்கப்பட்டாவது சொல்லிருவேன்."

மறுநாள் காலையில் கிளம்பினோம். எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று புழுதியை அள்ளிக் கண்ணில் போட்டது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் வேல்விழி பின்னால் வந்துகொண்டிருந்தாள். அப்பா சொல்வதைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். முனியசாமி நின்றார். அவளும் நின்றாள். அவர் நடந்ததும் நடந்தாள்.

கருத்தப்பாண்டி பயராபீஸ் வேலையை விட்டுவிட்டு, வேலிக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார். ஊருக்கு மேற்கே கண்மாய்க்கரையில் மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயைக் கனியவிட்டுக் காவல் இருக்கிற வேலை. எங்கேயாவது மண் பிளந்தால் உடனே ஈர மண்ணை அப்ப வேண்டும், இல்லையென்றால் அம்புட்டும் சாம்பல். அவர் கரேலென்று ஒரு வேட்டியும் தலையில் துண்டுமாக மண்வெட்டியோடு நின்றார். முப்பத்தைந்து வயசு ஆளுக்கு ஐம்பது வயசு முகம். வாங்க சித்தப்பா என்றார். என்னையும் வாங்க என்றார். வேல்விழியைப் பார்த்ததும், கை எப்பிடி இருக்கு தாயி என்று கேட்டார். இவர்கள் பங்காளி முறை. அவளுக்கு இவர் அண்ணன், அழகுமீனா மதினி.

படத்தைப் பற்றி நான் சொன்னேன். கல்யாணப் படம்தான் இருக்கிறது, மகள் சாத்தூரில் பாட்டி வீட்டில் இருந்து படிக்கிறாள், படம் அவளிடம் இருக்கிறது, வாங்கித் தருகிறேன் என்றார். மூட்டத்தின் ஒரு பக்கம் மண் வெடித்துப் புகை வந்தது. அவர் போய் அப்பிவிட்டு வந்தார். இந்த வருஷம் மழை எப்படி என்று முனியசாமி ஆரம்பித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. தொண்டையைச் செருமினேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாண்டி, அன்னைக்குக் காத்து அடிக்கலய்யா."

கருத்தப்பாண்டி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"சத்தங் கேட்டு ஏறிப் பாக்கேன். கிழக்க நட்டமா நிக்கிது புகை. வேலு இருக்க எடந்தான்னு தெரிஞ்சு போச்சு. ஓட்டமணிய அடிச்சிட்டேன். அது வரைக்கும் ஒண்ணும் தெரியல. பெறகு கயித்தைப் பிடிச்சு ஒண்ணு அடிச்சேன். அதோட கை நிக்கணும். ஒண்ணோட நிறுத்துனா எம்மவ செத்துப்போனான்னு ஊருக்கு நானே சொன்ன மாதிரி. நிறுத்த முடியலய்யா. இன்னொண்ணு அடிச்சிட்டேன்."

சொல்லிவிட்டு அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். அவரே மறுபடி சொன்னார்.

"அது கை செஞ்சதுன்னு வையி. திரும்ப ரெண்டு தடவை அடிக்கணுமில்ல, அப்பவாச்சும் மாத்தியிருக்கலாம். மாத்துனா மொத அடிச்சது என்னன்னு கேப்பாகளேன்னு, அதையும் ரெண்டு ரெண்டாவே அடிச்சேன். அது நான் செஞ்சது. காத்துன்னு எல்லாருஞ் சொன்னாக. நானும் ஆமான்னுட்டேன். எம்மவ பொழச்சிட்டா. ஒம் பொண்டாட்டி..."

கருத்தப்பாண்டி அடிப்பார் என்றுதான் நான் நினைத்தேன். மண்வெட்டி வேறு கையில் இருந்தது. அவர் அதைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்துபோனார். கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து குத்தவைத்தார்.

"ரெண்டு அடிச்சதும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா சித்தப்பா" என்றார். குரல் ஏறவே இல்லை. "எங்க கம்பெனியில எல்லாரும் வெளிய வந்து நிக்கோம். ரெண்டு விழுந்துச்சு. நம்ம பக்கந்தான் எங்கனயோ, நம்மளுக்கு ஒண்ணும் இல்ல, அவளும் கிழக்கதான இருக்கா, தப்பிச்சான்னு நெனச்சேன். அப்பிடி ஒரு நிம்மதி. கேட்டுக்குத் தள்ளி டீக்காரன் வந்தான். டீ வாங்கிக் குடிச்சேன். சிரிச்சுப் பேசிக்கிட்டு இன்னொரு டீயும் குடிச்சேன். அவ அங்கன வெந்து கெடக்கா. நான் டீ குடிக்கேன். நாலு மாசமா எனக்கு அந்த டீ வாயில இருந்து போகல."

முனியசாமி தலையில் அடித்துக்கொண்டார். கருத்தப்பாண்டி தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் பார்வை வேல்விழி பக்கம் போனது. அவர் மனசில் என்ன ஓடுகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"தாயி, நீதான் கூட இருந்த. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவ காதுல அந்த மணி விழுந்துச்சா?"

வேல்விழி அப்பாவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. உள்ளதைச் சொல் என்று நாலு மாசம் பட்டினி போடாத குறையாக அப்பனைப் போட்டு வாட்டிய பெண்.

"இல்லண்ணே" என்றாள். "மதினிக்கு வெடிச்சப்பவே நெனவு போயிருச்சு. ஓட்டமணிகூடக் கேக்கல. தூங்குன மாதிரிதான் இருந்தாக."

"நெசமாவா தாயி?"

"எம் மடியிலதான் கெடந்தாகண்ணே. எனக்குத் தெரியாதா."

கருத்தப்பாண்டி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். முதுகு குலுங்கியது. பெண்டாட்டியைப் புதைத்த அன்றுகூட அழாத ஆள் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். மூட்டத்தில் இரண்டு இடத்தில் மண் பிளந்து புகை குபுகுபுவென்று வந்தது. அவர் கவனிக்கவில்லை. வேல்விழி போய், மடங்காத விரல்களால் ஈர மண்ணை அள்ளி அப்பினாள். நானும் போய் அப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அதுபோதும் தாயி, அதுபோதும் என்றார். முனியசாமியிடம், "நீங்க வந்து சொன்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கொஞ்ச நாளைக்கு எங்கண்ணுல படாதீக சித்தப்பா. என்னால முடியல" என்றார். முனியசாமி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

திரும்புகிற வழியெல்லாம் வெட்டிப் போட்ட கருவேல முள். வரும்போது பத்தடி தள்ளி வந்த பெண் இப்போது அப்பாவை ஒட்டி நடந்தாள். முள்ளு கெடக்குப்பா, பாத்து வாங்க என்றாள். நாலு மாசத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவர் நாலைந்து எட்டு நடந்திருப்பார். அப்படியே பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார்.

"ஏன் தாயி அப்பிடிச் சொன்ன?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குதிகாலில் முள் குத்தி ரத்தம் வந்திருந்தது. நகத்தால் அதைப் பிடுங்கப் பார்த்தாள். விரல் மடங்காததால் பிடி கிடைக்கவில்லை.

"வேற என்னத்தப்பா சொல்ல" என்றாள்.